நிழலில் தொடங்கிக் கோள்கள் வரை: மாணவர்களுக்கு வானியல் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டுக் கோள்களின் பெயர்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கும் ஒரு மாணவரிடம், "நேற்று மாலை நிலவு வானத்தின் எந்தப் பக்கம் இருந்தது? அதன் எந்தப் பாதி ஒளிர்ந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இது மாணவரின் குறை அன்று. வானியல் பாடம் புத்தகப் படத்தில் தொடங்கி, படத்தோடே முடிந்துவிடுவதுதான் காரணம். இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. மாணவர் முதலில் தாமே பார்க்க வேண்டும். பார்த்ததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தை ஒரு பந்தையோ விளக்கையோ வைத்துச் சோதிக்க வேண்டும். கலைச்சொல்லும் எண்ணும் அதற்குப் பிறகு வந்தால் போதும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பார்த்தலும் வரைதலும் மட்டுமே போதுமானவை. அதற்கு மேற்பட்டவர்களுக்கு மாதிரிகளையும், பெருக்கலும் வகுத்தலும் கைவந்தவர்களுக்கு அளவீடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: ஏற்கெனவே மனத்தில் இருப்பதை அறிதல்

முதல் வகுப்பில் எதையும் கற்பிக்காதீர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து மூன்று கேள்விகளுக்குப் படம் வரைந்து விடையளிக்கச் சொல்லுங்கள். நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது? ஆண்டின் சில மாதங்கள் ஏன் வெப்பமாகவும் சில மாதங்கள் குளிராகவும் இருக்கின்றன? பூமியை ஒரு கூடைப்பந்தாகக் கொண்டால் நிலவு எவ்வளவு பெரியது, எவ்வளவு தொலைவில் இருக்கும்?

எந்த வகுப்பிலும் சில தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பூமியின் நிழல் விழுவதால் நிலவு தேய்கிறது என்பார்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் செல்கிறது என்பார்கள். நிலவு இரவில் மட்டுமே தெரியும் என்பதில் பலருக்கு ஐயமே இருக்காது. இவற்றை அன்றே திருத்திவிட வேண்டாம். தாள்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆசிரியர் சொல்லித் திருத்திய கருத்து தேர்வு முடிந்ததும் மறந்துபோய்ப் பழைய எண்ணம் திரும்பி வந்துவிடும். தன் கண்ணால் பார்த்தது தன் ஊகத்தோடு மோதும்போது மாணவர் தாமே மாற்றிக்கொள்ளும் கருத்துதான் நிலைக்கும்.

இரண்டாம் படி: ஒரு குச்சியின் நிழல்

வெயில் படும் சமதளத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நூலில் கட்டிய தூக்குக்குண்டை அருகில் தொங்கவிட்டால் குச்சி சாய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை, 15 நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து, அதன் அருகே நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரமே அந்த இடத்தின் உண்மையான நண்பகல். சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேல் வரும் நாளைத் தவிர்த்தால், அந்தக் குறுகிய நிழல் விழும் கோடு வடக்கு தெற்காக அமையும். திசைகாட்டி இல்லாமலே மாணவர்கள் திசையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்த நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டாக இருக்காது என்பதை மாணவர்களே கவனிப்பார்கள். ஒரு நாட்டின் கடிகாரங்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன என்பதையும், அதிலிருந்து ஒவ்வொரு பாகை விலகலுக்கும் 4 நிமிட வேறுபாடு வரும் என்பதையும் இங்கே சொல்லலாம். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஆண்டின் போக்கில் மேலும் 16 நிமிடம் வரை முன்பின்னாகும் என்பதை மேல் வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறோர் ஊரில், ஏறத்தாழ நேர் வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளியோடு சேர்ந்து ஒரே நாளில் இதைச் செய்ய முடிந்தால் தவறவிடாதீர்கள். இரண்டு இடங்களிலும் உண்மை நண்பகலில் சூரியக் கதிர் குச்சியோடு அமைக்கும் கோணத்தைக் கணக்கிட்டு, அவற்றின் வேறுபாட்டையும் ஊர்களுக்கு இடையிலான வடக்கு தெற்குத் தொலைவையும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கண்டுவிடலாம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. என்று வரும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் செய்தது இதையேதான். எகிப்தின் தெற்கிலுள்ள சையீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நின்ற நாளில், வடக்கிலுள்ள அலெக்சாந்திரியாவில் அது வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7.2 பாகை சாய்ந்திருப்பதை அவர் அளந்தார்.

இந்தப் படியில் ஒரு விதியை மட்டும் கண்டிப்புடன் சொல்லிவிடுங்கள்: சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கருப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், புகையூட்டிய கண்ணாடி ஆகிய எதுவும் பாதுகாப்பானதன்று. பகலில் தொலைநோக்கியையோ பைனாகுலரையோ மாணவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். விழித்திரை எரியும்போது வலி தெரியாது. பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

மூன்றாம் படி: நிலவு

பாடத்திட்டம் முழுவதிலும் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். கருவி எதுவும் தேவையில்லை, ஒவ்வொரு மாதமும் மீண்டும் வாய்ப்புக் கிடைக்கிறது, தவறான எண்ணங்கள் மிக ஆழமாக வேரூன்றியிருப்பதும் இங்கேதான்.

அமாவாசைக்குப் பிந்தைய இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் நிலவு நாட்குறிப்பைத் தொடங்குங்கள். அப்போது பிறை மாலையில் மேற்கே தெரிவதால் குழந்தைகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, ஒரே இடத்தில் நின்று, நிலவின் வடிவத்தையும் அது எந்த மரத்துக்கோ கட்டடத்துக்கோ மேலே இருக்கிறது என்பதையும் வரைய வேண்டும். முன்னே நீட்டிய கையின் மூடிய முஷ்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். அதைக் கொண்டு அளந்தால், நிலவு நாளுக்கு ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கு நோக்கி நகர்வது தெரியும். முழுநிலவுக்குப் பிறகு மாலையில் நிலவு காணாமற்போகும். "எங்கே போயிற்று?" என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே எழட்டும். அது நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், இனிக் காலையில் பள்ளிக்கு வரும் வழியில் மேற்கு வானத்தில் தேட வேண்டும். பகல் வானில் வெளிறிய நிலவை முதன்முதலாகக் கண்டு ஒரு குழந்தை வியப்பதைப் பார்த்த ஆசிரியர் இந்த நாட்குறிப்பைப் பிறகு எந்த ஆண்டும் கைவிடமாட்டார்.

ஒரு மாதப் பதிவு கையில் வந்த பிறகே பந்தும் விளக்கும். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். நடுவில், மாணவர்களின் தலை உயரத்தில், மூடியில்லாத ஒரே ஒரு பல்பை எரியவிடுங்கள். ஒவ்வொருவரும் பென்சில் நுனியில் செருகிய வெள்ளைப் பந்தைக் கை நீட்டிப் பிடிக்க வேண்டும். பல்பு சூரியன், பந்து நிலவு, பிடித்திருப்பவரின் தலை பூமி. பந்தைத் தலைக்குச் சற்று மேலே உயர்த்திப் பிடிக்கச் சொல்ல மறக்காதீர்கள். பல்பை நோக்கி நின்றால் பந்தின் நம் பக்கம் முழுவதும் இருளாக இருக்கும்: அமாவாசை. பந்தோடு சேர்ந்து மெல்ல இடப்புறம் திரும்பினால் வலது ஓரத்தில் மெல்லிய பிறை தோன்றும். கால் வட்டம் திரும்பியதும் வலது பாதி ஒளிரும். பல்புக்கு முதுகு காட்டி நிற்கும்போது பந்து முழுவதும் ஒளிர்கிறது.

இந்த இடத்தில் பேசாமல் காத்திருங்கள். தாங்கள் வரைந்த முப்பது படங்களும் ஒரே சுழற்சியில் வரிசையாக வருவதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். நிலவின் பாதி எப்போதும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதும், அந்த ஒளிர்ந்த பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே மாறுகிறது என்பதும் அப்போது புலப்படும். பிறகு, முழுநிலவு நிலையில், பல்புக்கு முதுகு காட்டி நின்றபடியே பந்தைத் தலையின் உயரத்துக்குத் தாழ்த்தச் சொல்லுங்கள். தலையின் நிழல் பந்தின் மேல் விழும். "நிழல் விழுந்தால் தேய்பிறை அன்று, கிரகணம்" என்பதை இனி விளக்க வேண்டியதே இல்லை. மாதந்தோறும் ஏன் கிரகணம் நிகழ்வதில்லை என்ற கேள்வி உடனே வரும். நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான மாதங்களில் அது நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிறது.

முதல் தாள்களைத் திருப்பிக் கொடுக்க உகந்த நாள் அதுதான். தம் பழைய படத்தின் கீழேயே புதிய படத்தை வரையச் சொல்லுங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

நான்காம் படி: பருவங்கள்

புவிக்கோள மாதிரியை எடுத்துக்கொண்டு விளக்கைச் சுற்றி நடந்தால் போதும். ஆனால் அச்சு எப்போதும் ஒரே திசையைக் காட்ட வேண்டும் என்பதை இங்கே பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். சுவரில் ஓர் அடையாளம் ஒட்டி, வட துருவம் எந்நேரமும் அதையே நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பிடித்தபடி நடக்க வேண்டும். நடக்கும்போது கோளமும் உடலோடு சேர்ந்து திரும்பிவிட்டால் பாடமே தலைகீழாகிவிடும்.

சாய்வு 23.4 பாகை. அது ஏன் வெப்பத்தை மாற்றுகிறது என்பதற்குக் கட்டம் போட்ட தாளும் டார்ச் விளக்கும் வேண்டும். நேராக மேலிருந்து ஒளி பாய்ச்சி எத்தனை கட்டங்கள் ஒளிபெறுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு அதே தொலைவிலிருந்து, ஒளிக்கற்றை தாளோடு 30 பாகை அமையுமாறு சாய்த்துப் பிடித்து எண்ணினால் ஏறக்குறைய இரு மடங்கு வரும். அதே ஒளி இரு மடங்குப் பரப்பில் பரவுவதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பாதிதான் கிடைக்கிறது. பகல் பொழுதின் நீளம் மாறுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொலைவுதான் காரணம் என்று எழுதியவர்களுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிக விலகி, சுமார் 15.2 கோடி கி.மீ. தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வட அரைக்கோளத்தில் ஜனவரி குளிர்காலம்.

ஐந்தாம் படி: உண்மையான அளவு

புத்தகப் படங்கள் மாணவர் மனத்தில் விதைக்கும் பெரிய பிழை தொலைவைப் பற்றியது. ஒரே பக்கத்தில் எட்டுக் கோள்களையும் அடக்க வேண்டியிருப்பதால் எந்தப் படமும் அளவைச் சரியாகக் காட்ட முடியாது. ஆகவே அளவைத் திடலில்தான் கற்பிக்க வேண்டும்.

முதலில் பூமியும் நிலவும். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலவு. இந்த விகிதம் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. நிலவை எவ்வளவு தொலைவில் பிடிப்பது என்று கேட்டால் பெரும்பாலோர் ஒன்றிரண்டு அடி தள்ளி நிற்பார்கள். உண்மையான தொலைவான 3,84,400 கி.மீ. என்பது பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு. பந்துக் கணக்கில் அது ஏழு மீட்டருக்குச் சற்று மேல். டென்னிஸ் பந்தை வைத்திருப்பவர் வகுப்பறையின் மறுகோடிக்கு நடந்துபோக வேண்டியிருக்கும்.

அடுத்தது சூரியன். ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளையிட்டு, அதன் வழியே வரும் வெயிலை இரண்டு மீட்டர் தள்ளி, நிழலில் வைத்த வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். விழுவது துளையின் வடிவம் அன்று, சூரியனின் பிம்பம். ஐயப்படுபவர்களுக்காக முக்கோண வடிவில் ஒரு சிறு துளையிட்டுக் காட்டினால், அப்போதும் வட்டமே விழும். பிம்பத்தின் விட்டத்தை அளந்தால் 18 அல்லது 19 மி.மீ. இருக்கும். தொலைவை விட்டத்தால் வகுத்தால் 107-ஐ ஒட்டி விடை வரும். சூரியனின் தொலைவு அதன் விட்டத்தைப் போல சராசரியாக 107 மடங்கு என்பதை மாணவர் இப்போது தம் கையால் அளந்துவிட்டார்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டே திடலுக்குச் செல்லுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள பந்தைச் சூரியனாக வைத்தால், பூமி 10.7 மீட்டர் தள்ளி ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவான புள்ளி. நிலவு அந்தப் புள்ளியிலிருந்து மூன்று செ.மீ.க்குள். புதன் 4 மீட்டரில், வெள்ளி 8 மீட்டரில், செவ்வாய் 16 மீட்டரில் என்று பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கோள்கள் அதன் பிறகு சட்டென்று விலகிப்போகின்றன. ஒரு செ.மீ. மணியாக வியாழன் 56 மீட்டரில், சனி 103 மீட்டரில், யுரேனஸ் 206 மீட்டரில். மூன்றரை மி.மீ. மணியாக நெப்டியூன் 323 மீட்டரில். திடல் போதாவிட்டால் நீண்ட பாதையொன்றைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கோளின் அருகிலும் ஒரு மாணவரை நிறுத்திவிட்டு, நெப்டியூனாக நிற்பவரைத் திரும்பி அந்தப் பந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்கு இதே அளவில் ஏறத்தாழ 2,900 கி.மீ. நடக்க வேண்டும் என்பதை அந்த இடத்தில் நின்று சொன்னால்தான் அதன் பொருள் விளங்கும்.

ஆறாம் படி: கோள்களை ஒப்பிடுதல்

ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பக்கம் என்று குறிப்பெழுத வைப்பதில் பயன் குறைவு. மாறாக, எண்களைக் கொடுத்து அவற்றுள் ஒழுங்கைத் தேடச் சொல்லுங்கள். நிறையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டுபிடித்தால், ஒரு கன செ.மீ.க்கு புதன் 5.4, வெள்ளி 5.2, பூமி 5.5, செவ்வாய் 3.9 கிராம் என்று வரும். வியாழன் 1.3, சனி 0.7, யுரேனஸ் 1.3, நெப்டியூன் 1.6. பாறைக் கோள்கள், பெருங்கோள்கள் என்ற இரு குடும்பங்களை மாணவர்களே பிரித்துவிடுவார்கள். சனியின் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதையும் அவர்களே கண்டு சொல்வார்கள். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சூரியனைச் சுற்றியிருந்த, வாயுவும் தூசியும் நிறைந்த வட்டில், உட்பகுதியின் வெப்பத்தில் பனி நிலைக்க முடியாமல் பாறையும் உலோகமும் மட்டுமே திரண்டன. குளிர்ந்த வெளிப்பகுதியில் பனியும் சேர்ந்து பெரிய கருக்கள் உருவாகி வாயுவை ஈர்த்துக்கொண்டன. இந்தக் காரணத்தைப் பிறகு சொல்லலாம்.

வெப்பநிலைக்கும் இதே முறைதான். தொலைவு கூடக் கூட வெப்பம் குறைய வேண்டும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். புதனின் பகல் பக்கம் சுமார் 430 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஆனால் அதைவிடத் தொலைவில் இருக்கும் வெள்ளியோ பகலும் இரவும் 460 பாகைக்கு மேல் கொதிக்கிறது. எதிர்பார்ப்பு உடையும் இந்த இடத்தில்தான் வளிமண்டலம் என்ற பாடம் தொடங்க வேண்டும். வெள்ளியின் வளிமண்டலத்தில் 96 விழுக்காடு, வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு. அதன் அழுத்தம் பூமியில் உள்ளதைப் போல 90 மடங்குக்கு மேல். காற்றே இல்லாத புதன், இரவில் மைனஸ் 180 பாகை வரை குளிர்கிறது.

புளூட்டோவைப் பற்றி யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், 1801-இல் கண்டுபிடிக்கப்பட்ட சீரிஸும் சில பத்தாண்டுகள் கோளாகவே எண்ணப்பட்டு, அதன் சுற்றுப்புறத்திலேயே மேலும் பல பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சிறுகோள் ஆக்கப்பட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: மணல் தட்டில் நிலவின் வரலாறு

அகலமான தட்டில் மென்மணலைப் பரப்பி, மேலே வேறு நிறப் பொடியை மெல்லத் தூவுங்கள். கோலிக்குண்டை 50 செ.மீ., 1 மீட்டர், 2 மீட்டர் உயரங்களிலிருந்து போட்டு ஒவ்வொரு பள்ளத்தின் விட்டத்தையும் அளக்க வேண்டும். உயரம் இரு மடங்கானால் பள்ளம் இரு மடங்காவதில்லை என்பது முதல் வியப்பு. அடியிலுள்ள மணல் கதிர்களாகத் தெறித்து விழுவது இரண்டாவது. முழுநிலவின் தென்பகுதியில் டைக்கோ பள்ளத்தைச் சுற்றி இதே போன்ற கதிர்கள் சாதாரண பைனாகுலரிலேயே தெரியும். பிறகு நிலவின் நெருக்கப் படம் ஒன்றைக் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மூன்று பள்ளங்களுள் எது முதலில் தோன்றியது என்று கேளுங்கள். கோள்களின் பரப்பை அறிவியலாளர்கள் வயதுப்படி வரிசைப்படுத்துவது இந்தத் தர்க்கத்தால்தான்.

மாதிரியின் எல்லையையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையான மோதல் நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நிகழ்ந்து வெடிப்பாக மாறுகிறது. அரிசோனாவில் உள்ள 1.2 கி.மீ. அகலப் பள்ளத்தை, சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த சில பத்து மீட்டர் அளவுள்ள இரும்பு விண்கல்லே உண்டாக்கியது.

எட்டாம் படி: இரவு வானம்

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டால் அந்தப் பழக்கம் கெடாது. முதல் இரவில் பத்து விண்மீன் கூட்டங்களைக் காட்ட ஆசைப்படாதீர்கள். ஓரியன் ஒன்றே போதும். அதன் செந்நிறத் திருவாதிரையையும் நீலவெண்மையான ரைஜலையும் மாறி மாறிப் பார்த்தால், விண்மீன்களின் நிறம் அவற்றின் வெப்பநிலையைக் காட்டுகிறது என்ற பேச்சைத் தொடங்கலாம். செந்நிறமானதே குளிர்ந்தது என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும்.

வியாழன் தெரியும் காலத்தில், பைனாகுலரை அசையாமல் தாங்கிக்கு மேல் பொருத்தி நான்கு இரவுகள் தொடர்ந்து அதன் அருகிலுள்ள ஒளிப்புள்ளிகளை வரையச் சொல்லுங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ செய்ததும் இதுதான். புள்ளிகள் இடம் மாறுவதைக் கண்ட பிறகு, அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்ற பெயர்களைச் சொல்லலாம். இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளை, அடுத்த இரவு எப்படி இருக்கும் என்று மாணவர்கள் ஊகித்து வரைந்த பிறகு, சரிபார்க்க மட்டும் திறக்க வேண்டும்.

மதிப்பிடுதல்

வரையறைகளைக் கேட்கும் தேர்வு இங்கே எதையும் அளக்காது. ஒரு வாக்கியத்தையும் ஒரு பந்தையும் கொடுத்து, வாக்கியத்தில் என்ன பிழை என்று செய்து காட்டச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக: "நள்ளிரவில் மூன்றாம் பிறை கிழக்கே எழுந்தது." பாடம் புரிந்த மாணவர் விளக்கை நோக்கி நின்று, பந்தைப் பிறை தெரியும் அளவுக்கு இடப்புறம் நகர்த்தி அங்கேயே ஒரு நண்பரைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் மெல்ல இடப்புறம் சுழல்வார். விளக்கு வலது காதுக்கு அப்பால் மறையும்போது மாலை. அதைத் தொடர்ந்து சற்று நேரத்திலேயே பிறையும் அதே பக்கம் மறைந்துவிடும். விளக்குக்கு முதுகு காட்டும் நள்ளிரவில் அது கண்ணிலேயே படாது. "இந்நேரம் அது மறைந்து வெகுநேரம் ஆகிவிட்டதே" என்று அவர் சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள்.